வெர்னா நிரப்பிய தொட்டி

வெர்னா ஹாகனுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் மாவட்டத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அவள் வீட்டுக் குழாயை ஒரு நாள் திறந்து பார்த்திருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி, மிச்ச நேரத்தில் மாடு வளர்த்து, தனியாக வாழ்கிறவள் அவள். எரிவாயுக் கம்பெனி அவள் மேய்ச்சல் நிலத்தில் துளை போட்டபின் கிணற்றுத் தண்ணீர் அழுகிய முட்டையாக நாறியது. சினை மாடுகள் குறைமாதத்திலேயே கன்று வீசின.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது, கம்பெனிமேல் தனியாக வழக்குப் போட மாட்டோம் என்று எல்லோரையும்போல அவளும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருந்தாள். இனி கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடிந்தவர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஒருவர்தான். அவரை நியமித்தவர் ஆளுநர். ஆளுநரோ கம்பெனி முதலாளியோடு மான் வேட்டைக்குப் போகிறவர். வெர்னா தலைநகருக்கே போய் நின்றபோது அந்தத் தலைமை வழக்கறிஞர் அவளை உள்ளே கூப்பிடாமல் அறை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"என்னை இந்த நாற்காலியில உக்கார வச்சது நீங்க இல்லையேம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. தலைமை வழக்கறிஞரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மளிகைக்கடை வாசலில், கொட்டும் பனியில், போகிற வருகிறவர்களை மறித்துக் கையெழுத்து வாங்கினாள். அவளைப்போல மாநிலம் முழுக்கப் பலர் அலைந்தார்கள். சட்டம் மாறியது.

முதல் தேர்தலில் நின்ற கிளேட்டன் ரஸ்க் அவள் சமையலறைக்கே வந்தான். அவள் சுட்ட பீச் பழப் பலகாரத்தில் பாதியைத் தின்றான்.

"ஜெயிச்ச கையோட வழக்குப் போடறேன் வெர்னாக்கா. இது சத்தியம்."

அவள் புல்வெளியில் அவன் பெயர்ப்பலகையை நட்டாள். அவனும் ஜெயித்தான். அப்புறம் வழக்கும் இல்லை, ஆளும் இல்லை. அவன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது: உங்கள் தண்ணீர் குடிக்கத் தகுந்தது.

"நீ நட்டியே பலகை, அதுக்குக் காசு குடுத்ததே கம்பெனிதானாம்" என்றாள் அவள் தங்கை ஜோலீன். "முன்னாடி இருந்தவன் மூஞ்சிக்கு நேரா விரட்டினான். இவன் பலகாரத்தைத் தின்னுட்டு அல்வா குடுத்துட்டான். இதுக்கா பனியில நின்னு செத்தே?"

வெர்னாவுக்குத் தன்மேலேயே வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

ஆகஸ்டில் மாவட்டச் சந்தைத் திருவிழா. தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் திரட்ட வழக்கம்போல முக்குத் தொட்டி வைத்தார்கள். தொட்டிக்கு மேலே பலகையில் ஒரு பெரிய மனிதர் உட்காருவார். காசு கொடுத்தவர்கள் பக்கத்தில் உள்ள குறிவட்டைப் பார்த்துப் பந்தெறிவார்கள். குறி தப்பாமல் பட்டால் பலகை சாயும், ஆள் தண்ணீருக்குள். அடுத்த தேர்தல் நெருங்கியதால் ரஸ்க் தானாகவே வந்து உட்கார்ந்தான். தொட்டியை நிரப்பும் வேலையை வெர்னா கேட்டு வாங்கியிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் வண்டியில், தன் கிணற்றிலிருந்து. பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை இருந்ததால் நாற்றம் யாருக்கும் தெரியவில்லை.

வெர்னா மூன்று பந்துக்குப் பணம் கட்டினாள்.

"வாங்கக்கா, வாங்க! கை நடுங்காம எறிங்க!" என்று மேலிருந்து சிரித்தான் ரஸ்க்.

முதல் பந்திலேயே பலகை சாய்ந்தது. வாயைத் திறந்தபடியே உள்ளே போனான். இருமிக்கொண்டு எழுந்தவன் குமட்டியதில், சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. பத்திரிகைக்காரப் பெண் படமெடுத்தாள்.

"த்தூ! என்ன கண்றாவித் தண்ணி இது?"

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. குடிக்கலாம்னு நீதான எழுதிக் குடுத்தே?"

ரஸ்க் வெளியேற ஏணியைப் பிடித்தான். ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் வெர்னாவுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவர்கூட நகரவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான்.

"எங்க கிளம்பறே?" என்றாள் வெர்னா, பந்தைக் கையில் உருட்டியபடி. "உன்னை உக்கார வச்சது நாங்க. ஏறி உக்காரு. எனக்கு இன்னும் ரெண்டு பந்து பாக்கி இருக்கு."