மூக்கரிப்பு

தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நோயாளி மேஜையிலிருந்து உருளாமல் கட்டுவதைப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்குக் காட்ட, நானே நோயாளியாகப் படுத்தேன். தொடையையும் கைகளையும் பெல்ட்டால் கட்டினார்கள். அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தில் ஷிப்ட் சைரன் ஊதியது. சைரன் கேட்டால் எங்கள் ஊர்க் கால்கள் தாமாகவே டீக்கடைக்கு நடந்துவிடும். எல்லோரும் போய்விட்டார்கள்.

உடனே எனக்கு மூக்கு அரித்தது.

மறுநாள் நடக்கவிருந்த குடலிறக்க ஆபரேஷனுக்காக வார்டில் படுத்திருந்த சுரங்கத் தொழிலாளி, என் கத்தல் கேட்டு ஓடிவந்தார்.

"இன்னா சிஸ்டர், உங்களுக்குமா ஆபரேஷன்? கட்டை அவுக்கட்டுமா?"

"மொதல்ல மூக்கைச் சொறிங்கண்ணே!"

சொறிந்தார். சொர்க்கம்!

மறுநாள் அவர் கைகளைக் கட்டும்முன் கேட்டேன்: "மூக்கு அரிக்குதாண்ணே?"

"அரிச்சா இன்னா, நீங்க இருக்கீங்க இல்ல?"

டாக்டர் வரும்முன் சைரன் ஊதியது. நான் அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை.