டைப்பிங் கடையில் தட்டிய ‘இல்லை’

எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு போன் செய்தபோது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். “பாஸுக்கு வெரிஃபிகேஷன் வந்திருக்குது. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா” என்றார். மீதி டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். செக்யூரிட்டி வேலை. ஏஜென்சி என்னை ஒரு விமான நிலையச் சரக்குக் கிடங்கின் கேட்டுக்கு எடுத்திருந்தது. அங்கே நிற்க என்ட்ரி பாஸ் வேண்டும். அதற்குச் சொந்த ஊர் ஸ்டேஷனில் விசாரிப்பார்கள். பாஸ் வராவிட்டால் வேலை இல்லை.

எங்கள் ஆட்கள் ஃபாரத்தைத் தாங்களே எழுதுவதில்லை. டைப்பிங் கடையில் பெயர், விலாசம் சொன்னால் போதும். மற்றக் கட்டங்களில் கடைக்கார அக்கா வரிசையாக ‘இல்லை’ என்று தட்டிவிடுவார். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டேன்.

போன் வந்த பிறகுதான் வீட்டில் ஜெராக்ஸை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘உங்கள் மேல் வழக்கு இருந்ததா? போதைப் பொருள் பழக்கம் இருந்ததா?’ இரண்டுக்கும் ‘இல்லை’.

இருந்தது. இருபத்தோரு வயதில் மலையடியில் கூட்டாளிகளோடு கஞ்சா பிடித்து மாட்டி, கோர்ட்டில் அபராதம் கட்டினேன். அப்புறம் தொட்டதில்லை.

“இன்னாய்யா, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது?” என்றாள் மனைவி. சொல்லிவிட்டேன்.

“இது தெரிஞ்சிருந்தா எங்க நைனா பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு” என்றாள். ஜெராக்ஸை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, “நாளைக்கு ஏட்டு கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு” என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனில் ஏட்டு முன்னால் போய் நின்றேன். “ஐயா, பழைய கேஸ் ஒண்ணு இருக்குது. ஃபாரத்துல தப்பா போட்டுட்டேன்.”

“தெரியும். ரெக்கார்டுல இருக்குது. இப்பவும் அடிக்கிறியா?”

“பீடிகூடக் கெடையாதுங்க. டீதான்.”

“டீக்குக் கேஸ் போட முடியாது. அன்னைக்குக் கஞ்சா அடிச்சத மேல இருக்கிறவங்க விட்டாலும் விடுவாங்க. இன்னைக்கு மறைச்சா விடமாட்டாங்க. பொய் எழுதறவன நம்பி எவன்யா கேட்டுல நிக்க உடுவான்?”

கோர்ட்டுத் தீர்ப்பின் நகலை வைத்து, நடந்ததை என் கையால் எழுதிக் கொடுத்தேன். பிறகு மூன்று மாதம் காத்திருந்தேன். என்னோடு ஃபாரம் கொடுத்த குமரேசன் ஒரு அடிதடி கேஸில் விடுதலையாகியிருந்தான். “விடுதலைதானே, இன்னாத்துக்கு எழுதணும்?” என்று அதை எழுதாமல் விட்டுவிட்டான். அவனுக்கு பாஸ் மறுத்துவிட்டார்கள்.

எனக்கு பாஸ் வந்தது, ஒரு வருஷத்துக்கு மட்டும்.

வேலைக்கு வரும் தம்பிகளே, ஃபாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் பாஸைப் புதுப்பிக்கும்போது ‘வழக்கு இருந்ததா?’ என்ற அந்தக் கட்டம் வரும். அதில் ‘ஆம்’ என்று கோணலாக நானே எழுதுகிறேன்.