சங்கீதக்கதிரைக்கு அழைக்கப்பட்ட தேசிய அணி

போன மாதம் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில், சத்தம் குறைத்து வைத்திருந்த ரிவியில் பெண்களின் உதைபந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அணி கரீபியன் கடலில் உள்ள குட்டித் தீவு ஒன்றினுடையது. தனி நாடு என்றுகூடச் சொல்ல முடியாது, இன்னொரு நாட்டின் கீழ் இருக்கும் ஒரு துண்டு நிலம். எதிரணி கோலுக்கு மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த நம்மவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உதுகளுக்கெல்லாம் என்னத்துக்கு ஒரு நஷனல் ரீம்?"

பல் வலியோடு போனவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தீவின் அணியோடு நான் விளையாடியிருக்கிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குப் பின்னால் ஒரு மூடப்பட்ட பள்ளிக்கூடமும் அதன் மைதானமும் இருந்தன. இன்றைக்கும் எங்காவது சுடச்சுடப் பாண் வாசனை வந்தால் எனக்குப் பசி வருவதில்லை, உதைபந்தாட்டம்தான் ஞாபகம் வரும். காரணம் சுகந்தி அக்கா. மட்டக்களப்பிலிருந்து தனியாக வந்தவர். பாண் பக்ரறியில் வேலை முடிந்ததும் தலைமயிரை மூடும் வலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேரே மைதானத்துக்கு வருவார். படிக்கட்டிலும் லிப்ற்றிலும் கண்ட பெட்டையளையெல்லாம் பிடித்து அணி சேர்த்தவர் அவர்தான். என்னைப் பின்வரிசையில் விட்டார். நான் உதைத்தால் பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. ஆனால் குறுக்கே நிற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வீட்டிலும் அதே பெயர்தான் எனக்கு.

சுகந்தி அக்காவோடு அதே பக்ரறியில் மார்லீன் என்றொரு பெண் வேலை செய்தாள். அவள் அந்தத் தீவுக்காரி. அவளுடைய தங்கை தீவின் தேசிய அணித் தலைவி. தீவில் பந்து விளையாடும் பெண்களே கொஞ்சப் பேர்தானாம். இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே மோதி மோதி அலுத்துப்போய், யாராவது ஒரு எதிரணி கிடைக்காதா என்று ரொறொன்ரோவுக்கு வந்து உறவினர்களின் பேஸ்மென்டுகளில் படுத்திருந்தார்கள். உங்கள் பிள்ளைகள் விளையாடுவார்களா என்று மார்லீன் கேட்டாள். ஒரு தேசிய அணியோடு நாங்கள்! அன்று பின்னேரம் எங்களில் ஒருத்தியாலும் ஒழுங்காகப் பந்தை நிறுத்த முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூட மைதானம் ஒரு தேசிய அணிக்குக் காணாது என்று, ஊர்க்காரர் சேர்ந்து நடத்திய ஊர்ச்சங்கத்திடம் போனோம். அவர்களுடைய கோடை விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பெரிய பூங்கா முழுநாளும் கையில் இருந்தது. தலைவர் அங்கிள் மறுக்கவில்லை. பெட்டையள் நீளக் காற்சட்டை போடவேண்டும், காலையிலிருந்து சாப்பாட்டுக் கடையில் உதவவேண்டும் என்றார். சரி என்றோம். விடிந்ததிலிருந்து வடை சுட்டோம், தேத்தண்ணி ஊற்றினோம். தலைமயிரெல்லாம் எண்ணெய் மணத்தோடு காற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தபோது, தீவுப் பெண்கள் மஞ்சள் சட்டையில் வரிசையாக நின்று எங்களுக்குக் கைகொடுத்தார்கள். எங்களுக்கு ஒரே நிறத்தில் சட்டைகூட இல்லை.

ஆண்களின் இறுதி ஆட்டம் இழுபட்டது. பிறகு பிரதம விருந்தினர் பேசினார். பிறகு வேறு யாரோ பேசினார்கள். அதன் பிறகு, மைதானத்தின் நடுவில் நாலைந்து பேர் பிளாஸ்ரிக் கதிரைகளை வட்டமாக அடுக்கினார்கள். மைக்கில் தலைவர் அங்கிளின் குரல் கேட்டது. நேரமில்லாத காரணத்தால் பெண்களின் பந்தாட்டத்துக்குப் பதிலாக மகளிர் சங்கீதக்கதிரை நடைபெறும், வெளிநாட்டுச் சகோதரிகளும் அன்போடு கலந்துகொள்ளலாம்.

ஒரு தேசிய அணி, ஐயா. கடல் கடந்து வந்து, காலுறையை இழுத்துவிட்டு நிற்கிற ஒரு தேசிய அணி. அதைக் கதிரையைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். 

சுகந்தி அக்கா மேடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தலைவர் அங்கிள் சிரித்துக்கொண்டே, "பிள்ளை, உதை ஆர் பாக்கப்போகினம்? அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

"நாங்க கதிரைக்கு ஓட வரல்ல அங்கிள்," என்றார் அக்கா.

திரும்பி வந்து கதிரைகளைத் தூக்கினார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அவைதான் கோல் கம்பங்கள். தீவு அணித் தலைவிக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. பந்தை நடுவில் வைத்தாள். ஆட்டம் தொடங்கியது.

யாரும் எங்களைத் தடுக்க மைதானத்துக்குள் வரவில்லை. அதைவிடக் கேவலமான வேலையைச் செய்தார் தலைவர் அங்கிள். மைக்கில் எங்கள் தகப்பன்மாரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். இன்னார் தயவுசெய்து தன் மகளை வந்து அழைத்துச் செல்லவும். அந்த மனிதர்கள் முகம் கறுத்து, கூட்டத்தின் நடுவால் வந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனார்கள். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். எங்களில் ஒருத்தி குறைந்ததும் தீவு அணித் தலைவி தன்னுடைய ஆள் ஒருத்தியை வெளியே அனுப்பினாள். அடுத்தவள் போனதும் இன்னொருத்தி. அந்த மஞ்சள் சட்டைக்காரிகள் கோட்டுக்கு வெளியே நின்று, எங்கள் பிள்ளைகள் கூட்டிப்போகப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் பதினேழு வயதில் முதல்முறையாகப் பெரியவர்களைக் கூச்சமில்லாமல் வெறுத்தேன்.

என் அப்பாவின் பெயரும் வந்தது. அவர் வேலையில் நின்றார். தலைவரின் மனைவி வடைச்சட்டிக்கு முன்னால் நின்ற என் அம்மாவிடம் போய், மகளைக் கூப்பிடச் சொன்னாராம். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லையாம்.

"அவள் விளையாடி முடிச்சிட்டு வருவாள்."

அதற்குப் பிறகு அந்தச் சங்கம் அம்மாவை எதற்கும் அழைத்ததில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

கடைசியில் மூன்று பேருக்கு மூன்று பேர். அக்காவைக் கூப்பிட இந்த நாட்டில் ஒரு தகப்பன் இல்லை, அதனால் அவர் ஓடிக்கொண்டே இருந்தார். பிறகு முதியோர் அணி ஆண்கள் தங்கள் ஆட்டத்துக்கு உடம்பைச் சூடாக்க உள்ளே வந்து எங்கள் நடுவில் நின்றார்கள். விசில் இல்லை, முடிவு இல்லை. பந்து ஒருவரின் காலில் பட்டு நின்றது. தீவுப் பெண்கள் எங்கள் மூவரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை பயிற்சிக்கு நாலு பேர் வந்தோம். அதற்கடுத்த கிழமை நானும் அக்காவும்தான். குளிர் தொடங்கியபோது அக்கா மொன்றியலுக்கு வேலை கிடைத்துப் போனார். கொஞ்ச நாள் ரெலிபோன் எடுப்பார். பிறகு எங்கள் இலக்கம் மாறியது, அவருடையதும் மாறியது.

சங்கம் இந்த வருடம் வெளியிட்ட சிறப்பு மலரில், ஆரம்பம் முதலே பெண்கள் விளையாட்டை வளர்த்தவர்கள் தாங்கள்தான் என்று எழுதியிருக்கிறார்கள். தலைவர் அங்கிளின் மகன் கையெழுத்து. மலரைக் கிழிக்கப் போனேன், கடுதாசி தடிப்பு, கிழியவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் இப்போது வரிசை வீடுகள். அணிக்கு ஒரு படம்கூட இல்லை. வீடியோக்காரர் அன்று ஆண்களின் ஆட்டத்தோடு கமராவை மூடிவிட்டார். போன ஞாயிறு உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் பதினொரு பேரில் ஏழு பேரின் பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. மிச்ச நாலு பேரும் ஓடுவது தெரிகிறது, எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதும் தெரிகிறது. பெயர் சொல்லிப் பந்து கேட்க முடியவில்லை.