ஒரு மாதம் பிந்தி நடந்த மல்யுத்தம்

அமெரிக்க மல்யுத்தத்துக்கு, மலையாளச் சீமையில், ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். மன்றத்தில் நாங்கள் மூன்று பேர். தலைவர், வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அடுத்தவர் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் குடியிருந்த மாமா. கணக்கு ஆபீசில் உத்தியோகம். சண்டைப் படம்கூட ஆகாத வீடு என்பதால், ஞாயிறு சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாரைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். மூன்றாவது நான். தம்பானூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா.

நாங்கள் கூடுவது அண்ணாச்சி கடையின் மாடியில். சுற்றிலும் மிளகாய் மூட்டை, நடுவில் டிவியும் வி.சி.ஆரும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தும்மல் தொடங்கும். அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. பிடித்த வீரன் தோற்றால் தாராளமாக அழலாம். கேட்டால் மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேபிளில் மல்யுத்தத்தைத் துண்டு துண்டாகத்தான் காட்டுவார்கள். பெரிய ஆட்டங்களை மஸ்கட்டில் இருந்த அண்ணாச்சியின் மச்சினன் டேப்பில் பதிவு செய்து, லீவில் வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டும். வந்து சேர ஒரு மாதம் ஆகிவிடும். அதனால் மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம்: டேப் ஓடி முடியும்வரை முடிவு யாருக்கும் தெரியக்கூடாது. ஒருமுறை மச்சினன் போனில், "அத்தான், நேத்து என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பித்ததும் அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டார். மச்சினன் சொல்ல வந்தது தன் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி என்று பிறகு தெரிந்தது.

போன மாதமே முடிந்துபோன ஆட்டத்துக்கு அண்ணாச்சி பிள்ளையாரிடம் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொள்வார்.

"முடிஞ்ச ஆட்டத்துக்கு இப்ப நேர்ந்துண்டா பிள்ளையார் என்ன பண்ணுவார் அண்ணாச்சி?" என்று மாமா ஒருநாள் கேட்டார்.

"நாம பாக்கலல்லா சாமி. பாக்காத ஆட்டம் நடக்காத ஆட்டம்தான்."

அண்ணாச்சியின் உயிர், வெள்ளைத்தாடி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு கிழட்டு வீரன். சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அந்த வருஷம் வந்த டேப்பின் கடைசியில் அவன், அடுத்த ஆட்டத்தில் தோற்றால் மல்யுத்தத்தையே விட்டுவிடுவதாகச் சவால் விட்டிருந்தான். அதே சமயத்தில் அண்ணாச்சிக்கு முட்டு வலி. கம்ப்யூட்டர் படித்த மகன், கடையைத் தன்னிடம் விட்டுவிட்டு வீட்டில் ஓய்வெடுக்கும்படி நச்சரித்துக்கொண்டிருந்தான். கடை போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

ஒரு ஞாயிறு மகன் மாடி ஏறி வந்தான்.

"அப்பா, ஒரு பந்தயம். வெள்ளைத்தாடி ஜெயிச்சா கடை உங்களுக்கு, நான் இனி வாயத் திறக்கல. தோத்தா அவனும் வீட்டுக்கு, நீங்களும் வீட்டுக்கு. சாவி என் கையில. சம்மதமா?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. மகனின் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, "சம்மதம்ல" என்றார்.

தம்பானூரில் அப்போது புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பலகைத் தடுப்பும் திரைச்சீலையும் உண்டு. ஆபீஸ் வேலையாக மெயில் அனுப்பப் போனபோது, திரை விலகியிருந்த அடுத்த தடுப்பில் அண்ணாச்சியின் மகன் இருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் வெள்ளைத்தாடி மல்லாந்து கிடந்தான். மேலே கொட்டை எழுத்தில் முடிவு.

"இத எப்ப பாத்தே?"

"போன மாசமே. ஆட்டம் முடிஞ்ச மறுநாள் இதுல வந்துரும் சேட்டா."

"தெரிஞ்சுகிட்டா பந்தயம் வச்சே?"

"முட்டு வலின்னு நேரா சொன்னா கேக்க மாட்டார் அல்லே?"

எனக்குக் கோபமான கோபம். ஆனால் அந்தப் பக்கத்தில் தேசம் தேசமாக மல்யுத்த ரசிகர்கள் எழுதிக் குவித்திருந்தார்கள். கோபத்தோடேயே உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தேன். நாங்கள் போன மாதத்து ஆட்டத்துக்காகக் காத்துக் கிடந்தோம். அவர்கள் அடுத்த மாதத்து ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆரியசாலைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, உங்க பையன்..."

"டேப் சமாச்சாரமா?"

"ஆமா."

அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மதி, மதி, போதும். ஒரு வார்த்தை பேசப்படாது."

"பந்தயத்துல ஒரு கள்ளத்தனம் இருக்கு."

"பேசப்படாதுன்னேன்." என்னை உற்றுப் பார்த்தார். "உன் மூஞ்சியே சரியில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கடைப்பக்கம் வராத."

ஞாயிற்றுக்கிழமை டேப் ஓடியபோது, மூஞ்சியே முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று என்னை டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஆட்டத்தைக் காதால்தான் கேட்டேன். நடுவர் மூன்று எண்ணி, வெள்ளைத்தாடி தோற்றதாக அறிவித்தார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவ சரக்கு காரம் சாஸ்தி" என்றார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, ஆட்டம் பார்க்க வந்திருந்த மகனிடம் கொடுத்தார்.

அவன் கீழே இறங்கிப் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாமா, "இது அக்கிரமம் அண்ணாச்சி, பந்தயம் செல்லாது" என்று குதித்தார்.

"கையடிச்சாச்சு சாமி. எப்படி ஜெயிச்சாலும் பய ஜெயிச்சிட்டாம்லா." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "தம்பி, அந்தப் பொட்டி எங்க இருக்கு?"

அன்றிலிருந்து காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு அண்ணாச்சி பிரவுசிங் சென்டருக்கு வர ஆரம்பித்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. ஆபீஸ் போகும் வழியில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். வெள்ளைத்தாடிக்காக அத்தனை பேர் புலம்புவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு பெண், அன்று முழுதும் அழுததாக எழுதியிருந்தாள்.

"அங்கயும் மிளகா மூட்டைக்கு நடுவுலதான் பாப்பாவளோ?" என்று நிஜமாகவே கேட்டார். கேட்கச் சொன்னார், ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். அவள் நன்றி என்று பதில் போட்டாள்.

மாடியில் கூடுவது நின்றுபோயிற்று. முடிவு தெரிந்த டேப்புக்கு யார் காத்திருப்பார்கள்? மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜமாகவே பிள்ளையாரைச் சேவிக்கப் போனார். மச்சினன் போனில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆயிற்று. அண்ணாச்சி மட்டும் இளைத்துப்போனார். பத்து மணிக்கு நான் ஆபீஸ் போன பிறகு, போக இடமில்லாமல் அவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததைப் பலமுறை பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, அந்தப் பக்கத்தைத் திறந்ததும் செய்தியை உரக்கவே வாசித்தேன். வெள்ளைத்தாடி திரும்பி வருகிறான், ஆட்டம் அடுத்த மாதம்.

"விட்டுட்டுப் போனவன் திரும்பி வரலாமா தம்பி?"

"வரலாம் போல அண்ணாச்சி. இங்க யாரும் தப்புன்னு சொல்லல."

"அச்சடிச்சுத் தரச் சொல்லு."

தாளை நான்காக மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். முட்டு வலி எங்கே போயிற்றோ, பின்னால் நான்தான் ஓடினேன். கடையில் மகன் கல்லாவுக்குப் பின்னால் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி தாளை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"எந்திரில. அவன் திரும்பி வாரான், நானும் வந்துட்டேன்."

மகன் படித்துப் பார்த்தான். "அப்பா, இது அடுத்த மாசம் அல்லே? இன்னும் நடக்கவே இல்லியே."

அண்ணாச்சி சாவிக்குக் கையை நீட்டினார். "உனக்கு மட்டும்தான் முன்னாடியே பாக்கத் தெரியுமால?"

குட்டு வெளிப்பட்டது புரிந்து மகன் என்னை முறைத்தான்; சாவிக்கொத்தை அவர் கையில் வைத்துவிட்டு எழுந்தான். நாற்காலியின் சூடு ஆறும்முன் அண்ணாச்சி உட்கார்ந்தார்.