வயர் வழியாகப் போனது

"அது தானா அடங்குற வரைக்கும் கைய எடுக்காத, தங்கச்சி" என்பார் மாஸ்டர். மாத்தளையில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய சிறிய ஒலிப்பதிவு அறை இருந்தது. என் கீபோர்டின் பின்புறத்திலிருந்து இரண்டு கறுப்பு வயர்கள் புறப்பட்டு அவருடைய கம்ப்யூட்டருக்குப் போகும். தகரக் கூரையில் மழை கொட்டினாலும், கீழே மிளகு மூட்டை இறக்குகிறவர்கள் கத்தினாலும் பதிவில் விழாது. வயர் வழியாகப் போவது மட்டும்தான் உள்ளே போகும். நான் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் மெலிந்து மெலிந்து இல்லாமல் போகும்வரை காத்திருப்பேன். பிறகு அடுத்த கட்டை.

மாஸ்டர்தான் எங்கள் இசைக்குழுவின் தலைவர். தேர்த் திருவிழாவோ கல்யாண வீடோ, மேடை கிடைத்த இடமெல்லாம் அவர் பாடுவார், நான் கீபோர்டு வாசிப்பேன். டுபாயில் வேலை செய்த அண்ணன் கொண்டுவந்து தந்த கீபோர்டு அது. அதில் வயலின் சத்தத்தின்மேல் புல்லாங்குழலை வைத்து, குழலைக் கொஞ்சம் தாமதமாக நுழையவிட்டு, நானே ஒரு சத்தம் செய்திருந்தேன். மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. மேடையில் அது எழும்பினால், கதைத்துக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடுவார்கள். மாஸ்டருக்கு அந்தச் சத்தத்தின்மேல் உயிர்.

"நோட்ஸ மட்டும் ஏத்துனா கம்ப்யூட்டர் அதோட சத்தத்துலதான் பாடும். ஒன்னோட சத்தம் வேணும்னா சத்தமாவே ஏத்தணும். நாளைக்கி இந்த கீபோர்டு செத்துப்போச்சுன்னா என்னா செய்வ?" என்று கேட்டார். என் நன்மைக்குத்தான் சொல்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தனித்தனிக் கட்டைகள் முடிந்ததும், எங்கள் பாட்டுகளுக்கான கீபோர்டுப் பகுதி முழுவதையும் வாசிக்கவைத்துப் பதிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. கேட்டால், "இப்ப சீசன் இல்ல, தங்கச்சி" என்பார். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. மேடையில் மாஸ்டர் வேறொரு கீபோர்டின் முன்னால் நின்று, பாடிக்கொண்டே விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வயரும் செருகியிருக்கவில்லை. பக்கத்தில் லேப்டாப். ஒலிபெருக்கியில் நான். சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் இறங்கி வந்ததும் நேரே போய்க் கேட்டேன். அவருக்கு முகம்கூட மாறவில்லை.

"அது மெஷின் சத்தம். கட்டைய அமுக்குனா யாருக்கும் வரும். அதுல ஒன்னோடது என்னா இருக்கு?"

மனிதர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தால், அவர் சொன்னது சரியோ என்று எனக்கே சந்தேகம். அந்தச் சந்தேகம் என்னை அரித்துத் தின்றது. கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பதையே விட்டேன். என் வாசிப்பை எடுத்துக்கொண்டதைவிட, இதற்காகத்தான் அவரை நான் வெறுத்தேன். செத்த மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன மாதம் அவருடைய கருமாதிக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் பழைய பதிவுகளைப் போட்டார்கள். என் சத்தம், என் வாசிப்பு. "என்னா கை! மாஸ்டர் கை மாதிரி இனி யாருக்கு வரும்?" என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். நான் வாசித்தால் மெஷின். அவர் பெயர் ஒட்டியதும் அது கையாகிவிட்டது. பொறுக்க முடியாமல் மாஸ்டரின் மனைவியிடம் போனேன்.

"அக்கா, அது நான் வாசிச்சது."

அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் தங்கச்சி. அவ கை எனக்கு வராதுன்னு அவரே எத்தன தடவ சொல்லியிருக்காரு. இன்னைக்கி ஒருநாள் அவரோடதாவே இருந்துட்டு போகட்டும்."

வீட்டில் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை. நான் திரும்பிவந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா எனக்கும் ஒரு பிளேன்டீயை எடுத்துக் கொடுத்து, "நீங்க மாஸ்டருக்கு என்னா வேணுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க. பாட்டு கேக்க வந்தேன்" என்றேன்.