எட்டாவது கேள்விக்கு ஆம்

கீரை விற்கும் கன்னியம்மாவுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. அதிலிருந்து மனசு சரியில்லை.

எங்கள் அம்பத்தூர் கடைத்தெருவைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியிருக்கிறேன். ஸ்டேஷனில் இறங்கி ஃபிளாட்டுக்கு நடந்து வரும் வழி. அதை மேம்படுத்தப் போகிறார்களாம். எனக்குத் தெரிந்து இது மூன்றாவது முறை. போன தடவை நட்ட மரக்கன்றுகள் போய்விட்டன. அவற்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டுகள் மட்டும் இருக்கின்றன. ஒன்றில் இளநீர் மட்டை போடுகிறார்கள்.

இந்த முறை முதலில் மக்கள் கருத்தாம். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஒரு படிவம் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். எட்டாவது கேள்வி — 'நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டுமா?' ஆம். பெரிய டிக். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் கடைத்தெருவில் கன்னியம்மா கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். வேப்பம்பட்டிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவார். பெயிண்ட் கடைக்குப் பக்கத்தில், நடைபாதையில் ஒரு சாக்கு விரித்து உட்காருவார். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுக் கீரை அவரிடம்தான்.

"சார், எனக்கும் ஒரு பாரம் குட்த்துட்டுப் போனாங்கோ. ரவ எழுதிக் குடேன். நீதான் பேப்பர்லல்லாம் எழுதுறியே."

கருத்துக் கேட்கிறவர்கள் அவரையும் கேட்டிருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது.

"உங்க முக்கியமான பிரச்சினை என்னன்னு கேட்டிருக்காங்க."

"கக்கூசுதான் சார். வேற இன்னா? ரயிலு ஏறங்காட்டியும் ஊட்ல போறதுதான். அப்பால மத்தியானம் ஊட்டுக்குப் போற வரிக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். தாகம் எடுத்தா வாய மட்டும் கொப்புளிச்சிக்குவேன்."

பதினைந்து வருஷம்... எனக்கு இது தெரியாது. வெயில் அதிகம் என்று அவரிடம் எத்தனை நாள் சலித்துக்கொண்டிருப்பேன்! வெட்கமாக இருந்தது. 'பொதுக் கழிப்பறை வேண்டும்' என்று அழகாக, தெளிவாக எழுதினேன்.

எட்டாவது கேள்வி வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"எடுக்கணும்னு போடு சார்! ஒருத்தரையும் உடக் கூடாது. அந்த பிரியாணி வண்டிக்காரன், செல்லு கவரு விக்கிறவன்... நாளுக்கு நாளு தள்ளிக்கினே வர்றானுங்கோ. ஜனம் எப்புடி நடக்கும்?"

"கன்னியம்மா... நீங்களும் பிளாட்பாரத்துலதானே இருக்கீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் இன்னா கடையா போட்டுக்கீறேன்? சொம்மா ஒரு சாக்க விரிச்சி குந்திக்கினு கீறேன். எழுந்தா சுருட்டிக்கினு பூடுவேன். ஆமான்னு போடு சார், நீ வேற!"

அப்போதே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் கொத்தமல்லி கேட்டு நின்றார்கள். அவர் கை வியாபாரத்துக்குப் போய்விட்டது. என் வீட்டு மேஜையில் இதே கேள்விக்கு இதே டிக் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் போடும்போது எனக்கும் பிரியாணி வண்டிதானே ஞாபகத்தில் இருந்தது? ஆம் என்று போட்டேன். கீழே அவர் கைநாட்டு வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் கூட்டம். கன்னியம்மா வரவில்லை; ஞாயிறு காலையில்தானே வியாபாரம்? மேடையில் பெரிய படம் வைத்திருந்தார்கள் — மேம்பட்ட கடைத்தெரு. மரம், பெஞ்சு, நாய்க்குட்டியோடு ஒரு பெண். அந்தப் படத்தில் யாரும் எதையும் வாங்கவில்லை. யார் கையிலும் ஒரு பை கூட இல்லை.

பெயிண்ட் கடைக்காரர் முதலில் எழுந்து, ஆக்கிரமிப்பை உடனே எடுக்க வேண்டும் என்று முழங்கினார். அவர் கடைப் படிகள் மூன்றும் நடைபாதையில்தான் இறங்குகின்றன. எங்கள் ஃபிளாட் சங்கச் செயலாளரும் அதையே சொன்னார். அவர் கார் எங்கே நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும். நான் ஸ்கூட்டரை எங்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்டேன். "அது இந்தத் திட்டத்துல வராது சார்" என்றார் மேடையில் இருந்த மாநகராட்சி அதிகாரி. பாவம், அவரும் களைத்துப் போயிருந்தார்.

"அப்ப, கீரை விக்கிறவங்க மாதிரி ஆட்களுக்காவது ஒரு இடம் ஒதுக்கலாமே?"

அதிகாரி படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். "அவங்களே எடுக்கச் சொல்றாங்க சார். இதோ, பிளாட்பாரத்துல கீரை விக்கிற ஒரு அம்மா. எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க."

பார்த்தேன். என் கையெழுத்து. சின்ன வயதிலிருந்து எல்லோரும் பாராட்டும் கையெழுத்து. உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாரும் ஒரே கருத்து. இந்த வாரம் மஞ்சக் கோடு போடுறோம். கோட்டுக்கு உள்ளே இருக்கிற எல்லாத்தையும் அடுத்த மாசம் எடுத்துடுவோம்" என்று அதிகாரி முடித்தார். கைதட்டினார்கள். சமோசா வந்தது.

நேற்றுக் காலை கோடு வந்துவிட்டது. கன்னியம்மா சாக்கைக் கோட்டுக்கு உள்ளே ஒழுங்காக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா சார்? நமக்குன்னு கோடு போட்டு எடம் குட்த்துட்டாங்கோ. எல்லாம் நீ எழுதினதுதான். கக்கூசுக்கு எப்ப வருவாங்கோ?"

"வருவாங்க" என்றேன். அரைக்கீரையோடு ஒரு கட்டு புதினாவையும் சும்மா போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது கோழைத்தனம்தான். அடுத்த மாதம் எல்லாவற்றையும் அள்ளிப்போக மாநகராட்சி வண்டி வந்து நிற்கும்போது அவர் என் முகத்தைத்தான் தேடுவார். எட்டாவது கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன் — இல்லை. அவருடையதையும் சேர்த்து மாற்ற எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. முதலில் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை.

அதனால்தான் அவரால் படிக்க முடியாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.