செல்வி அக்கா ஃபோன்ல பச்சை பட்டன்

எங்க தொழில்ல ஆப் பண்றது ஈஸி. அதுல யாரு எந்த பட்டனை அமுக்கலாம், யாரு அமுக்கக்கூடாதுன்னு முடிவு பண்றதுலதான் உசிரு போகும்.

லோ-கோடுன்னு பேரு. பக்கம் பக்கமா புரோகிராம் எழுத வேண்டாம், ரெடியா இருக்கிற கட்டங்களை இழுத்துப் போட்டா கடைக்கு, பட்டறைக்குன்னு ஆப் ரெடி. எனக்கு இந்த வேலைன்னா பைத்தியம்! செம்பூர்லேர்ந்து மாட்டுங்கா ஆபீஸுக்கு பஸ்ல போறப்ப, மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இப்படி கெடைக்கிற கேப்ல இதை டைப் பண்றேன். என்னை மாதிரியே ஆப் பண்ணிக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமையும் கால் எடுக்கிற பாவப்பட்ட ஜனங்களே, உங்களுக்கு பாதி இடத்துல சிரிப்பு வரும். மீதி இடத்துல எனக்கே இன்னும் வரல.

எல்லாரும் மொதலாளி

தாராவியில காஜா பாயோட லெதர் பேக் பட்டறை. கீழ கட்டிங், ஏணி ஏறினா தையல், நடுவுல ஒரு பரண் மாதிரி இடம், அங்கதான் செக்கிங். செக்கிங்குக்கு செல்வி அக்கா. ஒவ்வொரு பையா கைப்பிடியை இழுத்துப் பாப்பாங்க, ஜிப்பை ஓட்டிப் பாப்பாங்க, பசை வாசனையை மோந்துகூட பாப்பாங்க. சரியா இருந்தா ஃபோன்ல 'பாஸ்' பட்டன். அதை அமுக்கினாத்தான் பை பேக்கிங்குக்குப் போகும்.

ஆளுக்கு ஒரு லாகின், வேலைக்கு ஏத்த பட்டன்னு அழகா பிரிச்சுக் குடுத்துட்டு வந்தேன். அடுத்த தடவை போனா மொத்தப் பட்டறையும் காஜா பாய் லாகின்ல ஓடுது! பாய் ஊர்ல கல்யாணத்துக்குப் போயிருந்த அன்னிக்குக்கூட ரிப்போர்ட்ல அவருதான் பை பாஸ் பண்ணிருக்காரு. அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அங்க பிரியாணியும் தின்னுருக்கேன், இங்க பையும் பாத்துருக்கேன். என்னய மாதிரி ஒழைக்கிற மொதலாளி தாராவியிலயே கெடையாதுல்லா!"

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஏன்க்கா இப்படின்னு கேட்டேன். செல்வி அக்கா பையை விட்டு கண்ணை எடுக்காமலே சொன்னாங்க: "எம்பேரச் சொன்னா பேக்கிங்காரன் அசைய மாட்டான் பிள்ள. பாய் சொன்னாருன்னு சொல்லு, ஓடுவான்."

பேரு வந்த அன்னிக்கு

விடுவேனா? ஒரு ஃபோனுக்கு ஒரே லாகின்னு பூட்டினேன். 'பாஸ்' பட்டன் செல்வி அக்கா ஃபோன்ல மட்டும். பச்சைக் கலர், அவங்க கேட்டதுதான். பாஸ் ஆன ஒவ்வொரு பைக்குள்ளயும் போடற சீட்டுல 'செக்கிங்: செல்வி'ன்னு பிரிண்ட் ஆகிற மாதிரி பண்ணேன். முனிசிபல் ஸ்கூல்ல இந்தி படிச்சவங்க, தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பாங்க, அதனால பேரை இந்தியிலயே போட்டேன்.

மொத சீட்டு வெளியில வந்ததும் சேலைத் தலைப்புல கையைத் தொடைச்சுட்டு வாங்கிப் பாத்தாங்க. அதை பைக்குள்ள போடல, ரவிக்கைக்குள்ள சொருகிக்கிட்டாங்க. அப்புறம் ஏணியில பாதி எறங்கி நின்னு பேக்கிங்காரரைப் பாத்து ஒரு சத்தம்: "ஏலே, இனிமே பாய் சொன்னாரான்னு கேக்காத. செல்வி சொன்னாளான்னு கேளு!"

மறைக்கிறதா, மங்கலாக்கிறதா

ஒருத்தருக்கு அனுமதி இல்லாத பட்டனை ரெண்டு விதமா வைக்கலாம். மங்கலா காட்டலாம், இருக்கும், அமுக்க வராது. இல்லன்னா அடியோட மறைச்சுரலாம். எதுவா இருந்தாலும் உள்ளுக்குள்ள அந்த வேலையையும் சேத்துப் பூட்டணும், அது வேற கதை. (இருங்க, கண்டக்டர் வராரு.)

இதைப் பத்தி எங்க ஆபீஸ்ல மணி சார்கூட நான் பெரிய சண்டையே போட்டேன். மங்கலா காட்டறதுதான் மரியாதைன்னேன். மணி சார் மாட்டுங்காவுலயே பொறந்து வளந்தவரு, காபி டம்ளரைக் கீழ வைக்காம சண்டை போடுவாரு. "மங்கலா காட்டினா 'எனக்கு ஏன் இல்லை'ன்னு ஃபோன் பண்ணுவா. மறைச்சுட்டா ஒருத்தரும் பண்ண மாட்டா. வாடிக்கைக்காரா நிம்மதிதான் நம்ம நிம்மதி, புரியறதா கொழந்தே?" கடைசியில அவரு சொன்னதுதான் ஆபீஸ் ரூல் ஆச்சு.

ஒரு சின்ன வேலை

தீபாவளி கிஃப்ட் ஆர்டர். பட்டறை வாசல்ல டெம்போ நிக்குது, செல்வி அக்கா பாட்டுக்கு கைப்பிடி கோணல், ஜிப் மாட்டுதுன்னு பைகளைத் திருப்பி தையலுக்கு ஏத்தி விடறாங்க. காஜா பாய்க்கு இருப்புக் கொள்ளல. ஆனா அக்காகிட்ட சத்தம் போட அவருக்கு வாய் வராது. அக்கா அவரோட அப்பா காலத்துலயே வேலைக்கு வந்தவங்க, இவரு கால்சட்டை போட்டுக்கிட்டு பட்டறையில ஓடினதைப் பாத்தவங்க.

அதனால எனக்கு ஃபோன். "ஒரு சின்ன வேலை தாயி. செல்விகிட்ட இருந்து அந்த பாஸை எடுத்துரு. எம் மருமவன் பேருல போட்டுரு. தீபாவளி வரைக்கும்தான்."

"சரி பாய், நீங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க"ன்னேன்.

பின்னாடி தையல் மிஷின் சத்தம். அவரு கேட்டாரு: "அது எனக்கு வந்தா ஒனக்கு எதுக்கு ஃபோன் பண்ணுதேன்?"

நெட்வொர்க்

அனுமதி லிஸ்ட்ல அவங்க பேருக்கு நேரா ஒரே ஒரு டிக். எடுத்துட்டேன், அக்கா ஃபோன்ல பட்டன் இல்ல. மணி சார் ரூல்படி மறைச்சாச்சு.

ஆனா ஃபோன் வந்துச்சு. "பிள்ள, பச்சைய காங்கலியே. நெட்டு இல்லையோ?" அவங்க ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருக்காங்க. ஜன்னல்கிட்ட நின்னு பாத்துருக்காங்க. சிக்னல் கெடைக்கும்னு முட்டி வலியோட தகர மாடி வரைக்கும் ஏறிருக்காங்க. மங்கலாவாவது விட்டிருந்தா, யாரோ பூட்டிருக்காங்கன்னு கீழ இருந்தபடியே தெரிஞ்சிருக்கும். இல்லாத சிக்னலைத் தேடி ஏணி ஏற வேண்டாம்.

"பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கக்கா"ன்னேன்.

அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. குரலே மாறிருச்சு. "காலையில இருந்து எனக்கு எதுக்கத்தான பிள்ள ஒக்காந்துருக்காரு. ரெண்டு தடவை டீ வேணுமான்னு கேட்டாரு."

திரும்பக் குடுத்தோம்

மறுநாள்லேர்ந்து செல்வி அக்கா வரல. கோவண்டியில இன்னொரு பட்டறையில சேந்துட்டாங்கன்னு பேக்கிங்காரரு சொன்னாரு. ஆர்டர் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சு, பை எதுவும் திரும்பி வரல, மருமகனும் நல்லாத்தான் பாக்கறாரு. அந்த வகையில யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. பரண்ல அந்த ஸ்டூல் மட்டும் காலியா கெடக்கு. மருமகன் நின்னுக்கிட்டேதான் பை பாக்கறாரு.

தீபாவளி முடிஞ்சதும் பாய் கூப்பிட்டாரு. பாஸை செல்விக்கே திரும்பப் போடுன்னாரு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ரோட்டுல நின்னுக்கிட்டே டிக் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கூப்பிட்டாரு. "போட்டுட்டல்லா? அவ பாத்துருப்பாள்ல? பெறவு ஏன் வரல? நீ எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துட்டுப் போட்டுப் பாரு தாயி."

"பாய், நீங்க ஒரு கால் பண்ணுங்க"ன்னேன். வெச்சுட்டாரு.

கடைசியில நானே அக்காவுக்குப் பண்ணேன். பின்னாடி வேற பட்டறை, வேற மிஷின் சத்தம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு அவங்கதான் என்னைக் கேட்டாங்க. பட்டன் திரும்ப வந்துருச்சே பாத்தீங்களான்னு கேட்டேன். "பாத்தேன் பிள்ள. பச்சையா வந்து நின்னுச்சு. அது மட்டுந்தான் வந்துச்சு."

இன்னிக்கும் அந்தப் பட்டறை ஆப்ல 'செல்வி' பேருக்கு நேரா டிக் அப்படியே இருக்கு. யாரு எதை அமுக்கலாம்னு நான் ஒரு நிமிஷத்துல மாத்திருவேன், 'நீ வா செல்வி'ன்னு சொல்ற வேலைக்கு மட்டும் பாயைத் தவிர வேற யாருக்கும் அனுமதி குடுக்க வழியில்ல.